கிரேன்காரருக்கு இரண்டு கட்டி

அந்தத் தாளை எங்கள் சமையலறையில் மாட்டியவள் நான்தான். பார்த்து நடப்பதற்காக இல்லை, தினமும் பார்த்துக் கோபப்படுவதற்காக. அடுப்புக்கு மேலே, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் குத்தி வைத்தேன். ஓட்ஸ், ப்ரோக்கோலி, அவகாடோ, க்ரீன் டீ, ஆலிவ் எண்ணெய் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தலைப்பில் 'கொழுப்பை எரிக்கும் உணவுகள்' என்று கலர் எழுத்து. பக்கத்தில் ஒரு தீ எரிகிற மாதிரி படம். இரும்பு உருக்குகிறவர்களுக்கே தீயைப் படம் போட்டுக் காட்டுகிற தைரியத்தை என்னவென்று சொல்ல!

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிறார். ரோட்டில் நிற்கிற கிரேன் இல்லை. கொட்டகையின் கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கூண்டுக்குள் போய் உட்கார வேண்டும். கீழே உலையில் பழைய இரும்பு கொதிக்கும். அந்தக் கொதிக்கிற குழம்பை வாளியில் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவது இவர் வேலை. கை ஒரு தரம் தவறினால் கீழே நிற்கிறவர்கள் கதி அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக ஒருவருக்கும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருக்கிறார்.

அந்தக் கூண்டு அவருக்கு வெறும் வேலை இல்லை. என் மாமனார் ஆரணி பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் அறுவடைக்கும் நடவுக்கும் குனிந்த மனிதர். நிலத்துக்காரர் எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றவர். அவருடைய பிள்ளை கூரைக்குக் கீழே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மில் முதலாளியே வந்தாலும் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துத்தான் கையசைக்க வேண்டும். இதை என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கல்யாணமான புதிதில், "நான் உக்கார்ற எடத்துலேர்ந்து பாத்தா எல்லாருக்கும் தலைதான் தெரியும்மே" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். எனக்கு அது போதும்.

போன வருஷம் மில்லில் எல்லோருக்கும் உடம்பைச் சோதித்தார்கள். இவர் எடை தொண்ணூற்றாறு கிலோ. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் பத்து கிலோ இறங்க வேண்டும், இறங்காவிட்டால் கிரேனை விட்டு இறங்கி யார்டில் கம்பி கட்டுகிற இடத்துக்குப் போக வேண்டும். கூண்டில் மயங்கி விழுந்தால் இந்த உடம்பை ஏணி வழியாக இறக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். காரணம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எறக்கிடுவாங்களாமே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். 

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மீட்டிங். இவரைப் போல எடை கூடினவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சர்ச்சில் ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனோம். மில் கேன்டீனில் நாற்காலி போட்டு, திரை கட்டி, சென்னையிலிருந்து சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். நான் சொன்ன அந்தத் தாளை ஆளுக்கொன்று கொடுத்தவள் அவள்தான். சின்னப் பெண். நல்ல பெண்தான், குரலை உயர்த்தாமல் பேசினாள். ஆனால் பேசினது என்ன?

"தப்பு எங்க நடக்குதுன்னு நினைக்கிறீங்க? மெஷின்ல இல்ல, கேன்டீன்ல இல்ல. உங்க கிச்சன்லதான் நடக்குது," என்றாள்.

என்னைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாலு மணிக்கு எழுந்து ஷிப்டுக்குப் போகிறவனுக்குச் சமைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, தாங்களும் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஓடுகிற பெண்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், அவகாடோ எங்க விக்கறாங்க?"

"சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கும்மா."

"கும்மிடிப்பூண்டி பஜார்ல இன்னா கெடைக்குதுன்னு ஒரு நட போய்ப் பாத்துக்கினு வந்து எழுதியிருக்கலாமே மேடம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் விடவில்லை. தாளைப் படித்துக் காட்டினேன். "இதுல 'கொழுப்பில்லாத இறைச்சி'ன்னு போட்டுக்கிது. மாட்டுக்கறி சேத்தியா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண் ஒரு நொடி அவர் பக்கம் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, கொழுப்பை எடுத்துட்டா அதுவும் நல்ல புரதம்தான்," என்றாள். அவளை அந்த இடத்தில் எனக்குப் பிடித்தது.

"அப்ப அதையும் எழுதுங்க. நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. பத்து கிலோதானே? ஓட்ஸ் ஒரு பொட்டலம் வாங்காம, என் அடுப்புல, என் சட்டியில சமைச்சே எறக்கிக் காட்றேன். எங்க ஊட்டுல தப்பா, இல்லியான்னு அப்ப பாக்கலாம்."

கைதட்டினார்கள். வண்டியில் வரும்போது இவர் முதுகு விறைத்திருந்தது. ரயில்வே கேட்டில் நின்றபோது திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"உன் வாய் சும்மாவே இருக்காதாமே? எறங்கலன்னா என் மானம் இன்னாவுறது?"

"உன் மானம் இல்லய்யா, என் மானம். நீ வாயை மூடிக்கினு இரு. திங்கறதுக்கு மட்டும் கொஞ்சமா தொற."

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் தட்டை மாற்றினேன். கல்யாணத்துக்கு வந்த பெரிய தட்டு அவருடையது. அதைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டு, பிளஸ் டூ படிக்கிற எங்கள் மகளின் தட்டை எடுத்து வைத்தேன்.

"இன்னாமே, பூனைக்கு வெக்கறியா?"

"பூனை ஏணி ஏறும். உன்னாலதான் ஏற முடியலியாம்."

காலை நாஷ்டாவில் ஆறு இட்லியும் இரண்டு வடையும் போய்க் கம்பங்கூழ் வந்தது. மோர் நிறைய விட்டுக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மதிய டப்பாவில் இரண்டு கரண்டி சோறுதான். மீதி இடம் முழுக்கக் காய், கீரை, அவித்த முட்டை. கொள்ளுப் பயறை வறுத்து வேகவைத்து, தண்ணீரில் ரசம், பருப்பில் சுண்டல். முருங்கைக் கீரைக்கு நான் கடைக்கே போகமாட்டேன், வீட்டுக்குப் பின்னால் மரம் நிற்கிறது. பழவேற்காட்டிலிருந்து வருகிற மீன்காரி கூவினால் வாங்குவேன். ஆனால் எண்ணெயில் பொரிப்பதை நிறுத்திக் குழம்பு மட்டும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியைக் கொழுப்பெடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல். டீயில் சர்க்கரை நின்றது. சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டேன்.

கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லும். நான் சொல்லமாட்டேன். மூன்று மாதம் ஓர் ஆளை வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன், எதுவும் எதையும் கரைக்காது. கொள்ளு தின்றால் வயிறு நின்று பிடிக்கும், இன்னொரு கை சோற்றுக்கு ஆசை வராது. கீரையும் காயும் முட்டையும் அப்படித்தான். அந்த ஒரு கை சோறு தினமும் குறைந்தால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழத் தண்ணீரும் பத்து நாள் கொடுத்துப் பார்த்தேன். இவருக்கு நெஞ்சு எரிந்ததுதான் மிச்சம். அந்தத் தாளில் போட்டிருந்த தீ இதுதான் போலிருக்கிறது என்று நிறுத்திவிட்டேன்.

முதல் மாதம் இரண்டரை கிலோ இறங்கியது. தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்!

இரண்டாம் மாதம் அரை கிலோ. தொண்ணூற்று மூன்றில் போய் முள் அப்படியே நின்றுவிட்டது.

அந்த மாத நடுவிலேயே சோற்றை இன்னும் குறைத்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்திச் சுண்டலும் மோரும் கொடுத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், தொண்ணூற்று மூன்று. கெடு முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை, ஒரு பிரியாணிக் கடை. ஷிப்டு விட்டு வருகிற ஆண்கள் அங்கே வண்டியை நிறுத்தாமல் வரமாட்டார்கள். இவர் வந்ததும் வாயை முகர்ந்து பார்த்தேன். சட்டையை முகர்ந்து பார்த்தேன்.

"இன்னாமே இது, போலீஸ் நாயா நீ?"

"உண்மைய சொல்லுய்யா. எங்க தின்னுட்டு வர்ற?"

"எங்கயும் திங்கல. பசியில காது அடைக்குது, இதுல இது வேறயா? பேஜாரு பண்ணாத."

"தின்னாம எப்படிய்யா எறங்காம இருக்கும்? நானே உன்ன எறக்கறேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு வந்துக்கிறேன்!"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அடங்கவில்லை. மறுநாள் நானே பரோட்டாக் கடைக்குப் போய்க் கேட்டேன். கல்லில் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தவர், "அண்ணன் இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆவுதுக்கா. ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வெட்கமாகப் போயிற்று. என் மனிதர் பசியோடு வேலை செய்துவிட்டுப் பொய்யில்லாமல் வீட்டுக்கு வருகிறார், நான் அவர் சட்டையை முகர்ந்துகொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் வெல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரும்பு மில்லில் ஷிப்டு முடிகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். கையில் பிடித்த உருண்டை வெல்லம், பெரியது. தூசியும் புகையும் தொண்டையில் படிந்திருக்கும், வெல்லம் தின்றால் அதெல்லாம் கரைந்து போய்விடும் என்பது இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. தூசி உள்ள கம்பெனி எதில் வேலை செய்கிறவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கிரேன்காரருக்கு மட்டும் இரண்டு கட்டி. புகை மேலேதானே போகிறது, மேலே இருக்கிறவனுக்குத்தானே அதிகம். அதனால் இரண்டு.

எனக்கு அந்த இரண்டு கட்டி மேல் எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "வெல்லம் தின்னியா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்றுகூடப் பிறகுதான் கேட்பேன். திகட்டுகிறது என்று இவர் ஒரு கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், வாசலிலேயே நிறுத்தி, என் கண்முன்னால் தின்ன வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சாப்பாட்டை மாற்றின பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு கையால் டீயிலிருந்து சர்க்கரையை எடுத்தேன், மறு கையால் வெல்லத்தை ஊட்டினேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

உறைத்தது எறும்பால்தான். துவைக்கப் போட்டிருந்த காக்கிச் சட்டையின் பையைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மகள் சட்டையைத் தூக்கி உதறினாள். பாதி கட்டி வெல்லம் கீழே விழுந்தது.

"அம்மா! இது இன்னா?"

"உங்க நாயனா தின்னாம வுட்டுட்டாரு போல. நேத்து மறந்துட்டேன் கேக்க."

"நாயனா தெனமும் இதத் திங்குதா?"

"தூசிக்குடி. அது மருந்து."

"மருந்தோ மண்ணோ, வாயிலதானேம்மா போவுது?"

அவள் போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தாள். இரண்டு கட்டி வெல்லத்தின் கணக்கு, நான் டப்பாவில் கட்டிக்கொடுக்கிற மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போகிறது என்றாள். நான் ஒரு வேளைச் சோற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேலேயே வெல்லமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

உடனே நிறுத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளும் வெல்லம் தின்னியா என்று கேட்கவும் வாய் வரவில்லை, தின்னாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. காரணம் என் அப்பா.

என் அப்பா கல் உடைக்கிற கிரஷரில் வேலை செய்தவர். வேலை விட்டு வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கடைசி இரண்டு வருஷம் படுத்துத் தூங்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தார். நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். அங்கே யாரும் வெல்லம் கொடுக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி, மில்லில் வெல்லம் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோது, என் அப்பாவுக்கும் யாராவது தினமும் ஒரு கட்டி கொடுத்திருந்தால் இருந்திருப்பாரே என்று அழுதேன். அன்றைக்குப் பிடித்த பிடி. வெல்லம் வெறும் சர்க்கரைதான் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷம் என் மனிதரை எது காப்பாற்றிக்கொண்டிருந்தது?

மூன்றாம் நாள் சொன்னேன். "நாளையிலேர்ந்து வெல்லத்த திங்காத. கொண்டாந்து என்கிட்ட குடு."

அவர் முகம் மாறியது. பசிக்குக்கூட இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"தூசி இன்னாவுறது?"

"ஸ்டோர்ல மாஸ்க் கேளு."

"துணி மாஸ்க் குடுப்பான். வேர்வையில நனைஞ்சு மூச்சு முட்டும், ரெண்டு நாள்ல ரப்பர் அந்துபூடும். நல்ல மாஸ்க் கேட்டா ஸ்டாக் இல்லன்றான். அதெல்லாம் யாரும் போடறதில்லமே. அதான் வெல்லம் குடுக்கறாங்கல்ல?"

அதான் வெல்லம் கொடுக்கிறார்களே. அந்த வார்த்தை எனக்கு எங்கோ குத்தியது.

இவர் ஒப்புக்கொண்டார், ஆனால் முதல் வாரம் முழுக்கத் தொண்டை கரகரக்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்று முனகினார். நான் மிளகும் துளசியும் போட்டு வெந்நீர் கொடுத்தேன். தினமும் இரண்டு கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். நான் அதை ஒரு கட்டைப்பையில் போட்டு, எறும்பு ஏறாமல் மஞ்சள் பொடி வட்டம் போட்டு அதன் நடுவில் வைப்பேன். நடுவில் நாலு முறை ஸ்டோரில் போய் மாஸ்க் கேட்டார். நாலு முறையும் இல்லை என்றார்கள். வெல்லம் மட்டும் ஒரு நாளும் ஸ்டாக் இல்லாமல் போகவில்லை.

எடை இறங்க ஆரம்பித்தது. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று. ஆனால் நாள் போதவில்லை. எனக்குத் தெரியும், போதாது.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே கேன்டீன், அதே நாற்காலிகள். முன்னால் ஒரு எடை மெஷின் வைத்திருந்தார்கள். டாக்டர், மேனேஜர், அந்தச் சென்னைப் பெண் மூவரும் மேஜைக்குப் பின்னால். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தொண்ணூறு.

"ஆறு கிலோ. நல்ல முயற்சிதான்," என்றாள் அந்தப் பெண்.

"நல்ல முயற்சிதான்மா, ஆனா ரூல்னா ரூல். நாலு கிலோ இன்னும் இருக்கே," என்றார் மேனேஜர். இவர் தலை குனிந்தது. என் மாமனார் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

"மெஷின ஆஃப் பண்ணாதீங்க சார்," என்று சொல்லிக்கொண்டே போய்க் கட்டைப்பையை அதன்மேல் வைத்தேன். ஐந்து கிலோ இருநூறு என்று காட்டியது.

"என்னம்மா இது?"

"உங்க வெல்லம் சார். இருபத்தஞ்சு நாள்ல நீங்க எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்தது. ஒரு கட்டிகூட வாயில போடாம கொண்டாந்தாரு. போடாததாலதான் இந்த மூணு கிலோவும் எறங்கிச்சு. இதுக்கு முன்னாடி பதினெட்டு வருசம் இத முழுசா தின்னாரு. நான்தான் வெரட்டி வெரட்டி திங்க வெச்சேன்." அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். "தப்பு கிச்சன்லன்னீங்களே மேடம். இந்த வெல்லம் என் கிச்சன்ல காச்சினதா?"

அவள் பையைத் திறந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "மூணு வேளை என்ன சாப்பிடுறீங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். இதை நான் கேக்கவே இல்ல," என்றாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள்.

நான் டாக்டரைப் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. "டாக்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த வெல்லம் தூசிய எடுக்குமா, எடுக்காதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொண்டைக்கு இதமா இருக்கும்மா. ஆனா தூசியை எடுக்கும்னு நிரூபணம் எதுவும் இல்ல. வெல்லம் போறது வயித்துக்கு, தூசி போறது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் பாதை வேற."

தெரிந்த பதில்தான். இருந்தாலும் வெள்ளைப் புருவத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவை அந்தக் கேன்டீனில் பார்த்தேன். ஒரு கட்டி வெல்லம் அவரைக் காப்பாற்றியிருக்காது. அடுத்ததைக் கேட்டேன்.

"அப்ப தூசிக்கு இன்னா டாக்டர்?"

"நல்ல மாஸ்க். புகையை உறிஞ்சி வெளியே தள்ளற ஃபேன்."

"அப்ப அத குடுங்க! வெல்லத்த குடுத்துட்டு, ஒடம்பு ஏறிப்போச்சு எறங்குன்னா இன்னா நாயம்?"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது என் வீட்டுக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பதினெட்டு வருஷத்தில் மேனேஜர் எதிரில் 'சரி சார்' தவிர வேறு பேசாத மனிதர்.

"ஸ்டோர்ல நாலு தபா கேட்டேன் சார். இல்லன்னாங்க. எனக்கு மட்டும் இல்ல, மேல இருக்கற எல்லா கிரேன்லயும் இதே கததான். கூண்டுல உக்காந்தா எதிர் கிரேன்ல இருக்கற ஆள் தெரியாது, அவ்ளோ புகை."

பின்னால் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். உலைக்காரர்கள், யார்டுக்காரர்கள், போன தடவை தலை குனிந்திருந்த பெண்கள். யாரும் கத்தவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

டாக்டர் இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். இறங்கியிருந்தது. "போன இருபத்தஞ்சு நாள்ல இறங்கின வேகத்தைப் பாக்கணும். இன்னும் ஒரு மாசம் குடுக்கலாம், அதுவரைக்கும் கிரேன்லயே இருக்கட்டும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது இவர் கேட்டார்.

"அந்த வெல்லத்த அங்கியே வுட்டுட்டியே?"

"அவங்களுது அவங்களுக்கு."

ஒரு மாதத்தில் எண்பத்தாறரை வந்தது. அரை கிலோவை டாக்டர் கண்டுகொள்ளவில்லை, கிரேனுக்குத் தகுதி என்று எழுதிவிட்டார். அன்றைக்குப் பரணிலிருந்து பெரிய தட்டை இறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பூனைத் தட்டே இருக்கட்டும் என்றார்.

மாஸ்க் வருவதற்கு அதற்கும் மேலே இரண்டு வாரம் ஆனது. ஆனால் வந்தது. ரப்பரில் செய்தது, முன்னால் வெள்ளைப் பஞ்சுத் தகடு வைத்து மாட்டுகிற மாதிரி. தகட்டைத் தினமும் மாற்ற வேண்டுமாம். முதல் நாள் போட்டுக்கொண்டு வேலை செய்துவிட்டு வந்தார். மூக்கின் மேல் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. பழக்க தோஷம், வெல்லம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். அவர் சட்டைப் பையில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன். பழைய தகடு. காலையில் வெள்ளையாக இருந்த பஞ்சு கரியாக இருந்தது. விரலை வைத்தேன், விரலும் கரியானது.

"ஒரு ஷிப்டுமே," என்றார்.

ஒரு ஷிப்டு. பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஷிப்டு என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தனை நாளும் இது உள்ளேதான் போயிருக்கிறது. நான் வாசலில் நின்று, வெல்லம் தின்னியா, வெல்லம் தின்னியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஆணியிலிருந்து அந்தத் தாளை உருவிக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவகாடோ, ப்ரோக்கோலி எல்லாம் நன்றாகவே எரிந்தன. அந்த ஆணியில் கரித்தகட்டைக் குத்தி மாட்டினேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

"அடுத்த மீட்டிங்கு எப்பய்யா?"

"இன்னாத்துக்கு? கிரேன்தான் நெலைச்சிடுச்சே."

"நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேக்கணும். உனக்கு மட்டும் இல்ல, வெல்லம் தின்ன அத்தன பேருக்கும்."

அவர் ஆணியில் மாட்டிய தகட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தேதி பார்க்கக் காலண்டர் பக்கம் போனார்.